கார்டு செத்துப்போச்சுனு யார் சொன்னது?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எங்க கிளாஸில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 802.11 பற்றி மூணு பக்கம் எழுதுவோம். 1997-ல் வந்த ஸ்டாண்டர்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ், ஸ்கேல் வெச்சுப் போட்ட ஃப்ரேம் ஃபார்மட் படம்... 13 மார்க் கேள்விக்கு 11 கேரன்ட்டி! ஆனால், ஹாஸ்டலில் லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப்பில் வைஃபை வரலைனு போய் நின்றால், மொத்த கிளாஸும் கோரஸாகச் சொல்வது ஒரே பதில்தான். ‘‘பேசாம விண்டோஸ் போட்டுடு!’’

அந்தப் பதில் இப்போது எல்லோருக்கும் ஒத்துவராது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செகண்ட்ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடும். மெஷின் நல்லாத்தான் இருக்கும். கீபோர்டு, ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் ஓடும். அதில் லினக்ஸ் போட்டால் இன்னும் நாலு வருஷம் தாங்கும். நாலு வருஷம் என்பது ஒரு பி.இ!

அதனால்தான் இந்த வைஃபை விவகாரத்தை நான் சும்மா ஒரு டெக்னிக்கல் தொல்லையாகப் பார்ப்பதில்லை. பழைய லேப்டாப்பில் ஆசையாக லினக்ஸ் போட்டவர்கள் திரும்பி ஓடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். ஸ்கிரீன் வரும், பாட்டு கேட்கும், டைப் அடிக்கலாம். மூலையில் அந்த விசிறி மாதிரி சின்னம் மட்டும் இருக்காது.

எங்கள் ஹாஸ்டலில் பேரைவிட ரூம் நம்பர்தான் பிரபலம். போன செமஸ்டரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 214 என் ரூமுக்கு வந்தாள். செகண்ட் இயர். கையில் லேப்டாப், கண்ணில் தண்ணி ரெடி.

‘‘அக்கா, வைஃபை கார்டு செத்துப்போச்சாம். கடையில சொல்லிட்டாங்க. மாத்த 3,500 ஆகுமாம்.’’

அவள் அம்மாவுக்கு திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளம். சீட்டு எடுத்த காசில் 16,000 ரூபாய் கொடுத்து, சென்னையில் இருக்கும் மாமா மூலமாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய லேப்டாப் அது. விண்டோஸ் ரொம்ப ஸ்லோவாகிவிட்டது என்று ஒரு சீனியர் தன் பென்டிரைவில் கிடந்த ஏதோ ஒரு பழைய லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மெஷின் பறக்க ஆரம்பித்தது, வைஃபை மட்டும் காணோம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு ஆன்லைன் டெஸ்ட். சனி, ஞாயிறு லேப் பூட்டு.

‘‘அம்மாகிட்ட கேட்டுட்டியா?’’

‘‘இன்னும் இல்லக்கா. நாளைக்குக் கேட்கணும்.’’

கேட்டால் அம்மா கொடுத்துவிடுவார் என்பதுதான் அவள் பிரச்னை!

வைஃபை வரலை என்பது ஒரே ஒரு நோய் இல்லை. வயிற்று வலி மாதிரி அது ஒரு அறிகுறி. கார்டு இருக்கா, அதை ஓட்டும் டிரைவர் இருக்கா, கார்டுக்குள் இறங்க வேண்டிய ஃபர்ம்வேர் இருக்கா, யாராவது ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறார்களா, கனெக்ட் ஆகியும் நெட் வரலையா... ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடி. கீழ் மாடியிலிருந்து ஏறணும். நம்ம ஆட்கள் நேராக மொட்டை மாடிக்குப் போய் பாஸ்வேர்டை ஏழு தடவை அடித்துப் பார்ப்பார்கள்.

டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ என்று அடித்தேன். மதர்போர்டில் சொருகியிருப்பதையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கும் கமாண்டு அது. கூடவே ‘மைனஸ் என்என்கே’ என்று சேர்த்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி எண், மாடல் எண், அதற்கான டிரைவர் பேர் எல்லாம் வரும். இந்த கம்பெனி எண் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலே எழுத்து. ரியல்டெக் என்றால் 10இசி. இன்டெல்லுக்கு என்ன தெரியுமா? 8086! மைக்ரோபிராசஸர் பேப்பரில் நம்மை அழவைக்கும் அதே 8086. அந்த சிப் வந்தது 1978-ல். இன்னும் ஒவ்வொரு இன்டெல் கார்டும் அந்தப் பேரைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வருகிறது.

214-ன் லேப்டாப்பில் பதினாலாவது வரியில் இருந்தது, ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று. கம்பெனி பேர் இங்கே வேண்டாம். எண், மாடல் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது.

‘‘இங்க பாரு. செத்தவங்க பேர் சொல்ல மாட்டாங்க. இது சொல்லுது!’’

அவள் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே ஸ்கிரீனில் விரலை வைத்து.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் போட்ட பென்டிரைவில் விண்டோஸ் டூல்தான் இருந்திருக்கும்; பட்டனை அழுத்திப் பார்த்திருப்பார், லைட் எரிந்திருக்காது. தெரியாத சிஸ்டம் என்றால் பார்ட்ஸை மாற்று என்பது அந்தத் தொழிலின் பழக்கம். ஆனால், அந்தப் பழக்கத்துக்கு பில் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

கீழேயே டிரைவர் பேரும் இருந்தது. அப்போ ரெண்டாவது மாடியும் ஓகே. அடுத்தது ‘டிமெசேஜ்’. கம்ப்யூட்டர் ஆன் ஆன நொடியிலிருந்து கெர்னல் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் டைரி. எல்லாருமே பயப்படுகிற, யாருமே படிக்காத டைரி. ஆயிரம் வரி இருக்கும். நமக்கு வேண்டியது நாலு. ‘ஃபர்ம்வேர்’ என்ற வார்த்தை உள்ள வரிகளை மட்டும் வடிகட்டினேன். சிவப்பில் ஒரு வரி. இந்த ஃபைலை ஏற்ற முடியவில்லை, எரர் மைனஸ் 2.

‘‘மைனஸ் 2-ன்னா?’’

‘‘நீ ஓ.எஸ். லேபில் படிச்சதுதான். எரர் நம்பர் 2-ன்னா அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு அர்த்தம்.’’

‘‘அவ்ளோதானா?’’

அவ்ளோதான். வைஃபை கார்டு என்பது சும்மா ஒரு ஆன்டெனா இல்லை. அதற்குள்ளேயே ஒரு குட்டி பிராசஸர் இருக்கிறது. அந்த பிராசஸர் ஓட ஒரு புரோகிராம் வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். நிறைய கார்டுகளில் அது நிரந்தரமாகப் பதிந்திருக்காது. கரன்ட் வந்த ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் அதை ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். மண்டபத்துக்குச் சமையல் மாஸ்டர் வந்தாச்சு, அடுப்பு, அண்டா எல்லாம் ரெடி, என்ன சமைக்கணும்னு மெனு மட்டும் வரலை. மாஸ்டர் என்ன பண்ணுவார்? உட்கார்ந்திருப்பார். 214-ன் கார்டும் உட்கார்ந்திருந்தது. அந்த ஃபைலின் சைஸ் 1 எம்பிகூட இல்லை. 3,500 ரூபாய்!

சரி, அந்த ஃபைலை டவுன்லோட் பண்ணலாம் என்றால், அதற்கு நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த ஃபைல் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை! லேப்டாப்பில் கேபிள் சொருகும் ஓட்டை இருக்கிறது, ஹாஸ்டல் சுவரில் கேபிள் இல்லை.

இங்கேதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம். உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கம் போய் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் பண்ணுங்கள். லினக்ஸுக்கு அந்த போன் ஒரு கேபிள் நெட்வொர்க் மாதிரி தெரியும். கூடுதல் டிரைவர் எதுவும் வேண்டாம். இதில் இன்னொரு அழகு, போன் ஹாஸ்டல் வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். டேட்டா பேக் தீராது. ஒரு கண்டிஷன்... சார்ஜ் மட்டும் ஏற்றும் மட்டமான கேபிளாக இருக்கக் கூடாது. எங்கள் விங்கில் மூணு கேபிள் மாற்றி, நாலாவதுதான் வேலை செய்தது. அது மெஸ் அக்காவோடது.

அந்த லினக்ஸின் சாஃப்ட்வேர் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ’ என்ற பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர் பேக்கேஜை இறக்கி, ரீஸ்டார்ட் பண்ணினோம். விசிறி சின்னம் வந்தது. சுற்றுவட்டாரத்து வைஃபை பேர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. 214 கத்திய கத்தலில் எதிர் ரூம் கதவு திறந்தது.

‘நான்-ஃப்ரீ’ என்ற வார்த்தையைப் பார்த்து, ‘‘காசு கட்டணுமாக்கா?’’ என்றுதான் முதலில் கேட்டாள். இந்த ‘ஃப்ரீ’ காசு சம்பந்தப்பட்டது இல்லை, சுதந்திரம் சம்பந்தப்பட்டது. சோர்ஸ் கோடு திறந்திருக்கணும், யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இந்தப் பிடிவாதத்தோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை 1983-ல் அறிவித்தார். அதற்குப் பின்னால் ஒரு பிரின்டர் கதை இருக்கிறது. எம்.ஐ.டி. லேபில் அடிக்கடி பேப்பர் சிக்கும் பிரின்டருக்கு ஒரு சின்ன மாற்றம் எழுத நினைத்தார், சோர்ஸ் கோடு தர மறுத்துவிட்டார்கள். ஆக, இந்த மொத்த இயக்கத்தின் ஆதி கோபமே ஒரு டிரைவர் கோபம்தான்! 1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை எழுதி வெளியிட்டபோது அவர் எங்களைப் போல ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்.

வைஃபை கம்பெனிகள் பல காலம் சிப்பின் விவரங்களைத் தரவே இல்லை. பிராட்காம் சிப் எப்படி ஓடுகிறது என்பதைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்தே துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதிய டிரைவர், 2006-ல் கெர்னலுக்குள் வந்தது. அந்த கம்பெனியே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது 2010-ல். நடுவில் விண்டோஸ் டிரைவரையே தூக்கி லினக்ஸுக்குள் ஓடவைக்கிற ‘என்டிஸ்ராப்பர்’ என்ற தில்லாலங்கடி வேறு இருந்தது. எங்கள் லேப் அசிஸ்டென்ட் சார் அந்தப் பேரைக் கேட்டாலே இன்னமும் நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.

இப்போது டிரைவர்கள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. ஃபர்ம்வேர் மட்டும் பூட்டிய பெட்டி. இதை என்ன செய்வது என்று லினக்ஸ் உலகத்திலேயே ரெண்டு கட்சி. டெபியன் என்ற பழம்பெரும் லினக்ஸ், கொள்கைக்காக இந்த மூடிய ஃபர்ம்வேர்களைத் தன் அதிகாரபூர்வ சிடியில் சேர்க்காமலே வைத்திருந்தது. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து இன்ஸ்டால் பண்ணும்போதே ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று திட்டினவர்களும் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாத ஒரு புரோகிராம், நம்முடைய ரேடியோவை நடத்துகிறது. ஆனாலும், நான் அந்த ஓட்டெடுப்பில் ஜெயித்தவர்கள் பக்கம். சுதந்திர சாஃப்ட்வேர் 214-க்குக் கிடைக்கணும் என்றால், முதல் நாள் ராத்திரி அவளுக்கு நெட் வரணும்.

இதில் பெரிய வேடிக்கை, அவள் கையிலிருந்த ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான். சுவரில் தொங்குகிற ரூட்டர்கள் பலவற்றிலும் லினக்ஸ்தான். 2003-ல் லின்க்சிஸ் ரூட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, லைசென்ஸ்படி சோர்ஸ் கோடை வெளியிட வேண்டியதாகி, அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஓபன்டபிள்யூஆர்டி’. போனிலும் ரூட்டரிலும் வராத மல்லுக்கட்டு லேப்டாப்பில் மட்டும் ஏன் என்றால், அங்கே சிப்பைத் தேர்ந்தெடுக்கிற கம்பெனியே அதற்கான டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஏற்றி விற்கிறது. லேப்டாப்பில் அந்த வேலை விண்டோஸுக்காக முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு நாமதான் பார்த்துக்கணும். என் அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய நம்ம ஊர் லினக்ஸ். எங்க வீட்டில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கலை. சொல்லித்தர ஆள் இல்லை.

விசிறி வந்தாச்சு, கதை முடிந்ததா? இல்லை. ஹாஸ்டல் வைஃபையை கிளிக் பண்ணினால் ஒரு பெரிய ஃபார்ம் விரிந்தது. வீட்டு வைஃபை மாதிரி ஒரு பாஸ்வேர்டு இல்லை. ஒவ்வொருவருக்கும் யூஸர்நேம், பாஸ்வேர்டு உள்ள என்டர்பிரைஸ் ரகம். என்ன ஆத்தன்டிகேஷன், உள்ளே எந்த முறை, எந்த சர்ட்டிஃபிகேட் என்று லினக்ஸ் வரிசையாகக் கேட்கும். காலேஜில் கொடுத்த துண்டுச் சீட்டில் இதெல்லாம் இருக்காது. பெரும்பாலான கேம்பஸ்களில் முதல் பெட்டியில் ‘பீப்’, உள்ளே ‘எம்எஸ்சாப் வி2’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். சர்ட்டிஃபிகேட் வேண்டாம் என்று டிக் அடித்தால் உடனே கனெக்ட் ஆகிவிடும். ஆனால், அதே பேரில் எவனாவது பக்கத்தில் ஒரு போலி வைஃபை வைத்தால், நம் லேப்டாப் நேராக அவனிடம் போய் பாஸ்வேர்டு சமாசாரத்தை நீட்டும். சனிக்கிழமை காலை நெட்வொர்க் ரூம் அண்ணாவிடம் போய் நின்றோம்.

‘‘லினக்ஸா? அதெல்லாம் நாங்க சப்போர்ட் பண்றதில்லமா.’’

‘‘சப்போர்ட் வேணாம்ணா. சர்ட்டிஃபிகேட் ஃபைல் மட்டும் குடுங்க.’’

கொஞ்சம் யோசித்தார். அப்புறம் பென்டிரைவை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் அதைக் கேட்டு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தானாம்!

அதற்கப்புறம் எங்கள் விங்கில் வந்த கேஸ்கள் பலவிதம். 209-ல் கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் இருந்தும் ஒரு நெட்வொர்க்கும் தெரியலை. ‘ஆர்எஃப்கில்’ என்று ஒரு கமாண்டு, ரேடியோ அணைந்திருக்கா என்று சொல்லும். சாஃப்ட் பிளாக் என்றால் கமாண்டிலேயே திறக்கலாம். ஹார்டு பிளாக் என்றால் லேப்டாப் ஓரத்தில் எங்கேயோ ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது, ஸ்டிக்கருக்கு அடியில். 220-க்கு கனெக்ட் ஆகும், பேஜ் மட்டும் திறக்காது. 8.8.8.8-க்கு ‘பிங்’ போனது, தளத்தின் பேரைப் போட்டால் போகலை. அப்போ ரோடு நல்லா இருக்கு, அட்ரஸ் சொல்ற ஆள்தான் இல்லை. டிஎன்எஸ்ஸை மாற்றினால் சரி. இன்னொருத்திக்கு அஞ்சு நிமிஷம் சும்மா விட்டால் லைன் தூங்கிவிடும். பவர் சேவிங்கை அணைத்ததும் விழித்துக்கொண்டது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால், வெளியிலிருந்து சேர்க்கும் சில டிரைவர்களை கெர்னல் உள்ளேயே விடாது; ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையைப் பார்த்துப் பயந்து மூடிவிடாமல், சாவியைப் பதிய வைக்க வேண்டும்.

எதற்குமே மசியாத கார்டும் உண்டு. அதற்குச் சில நூறு ரூபாயில் யூஎஸ்பி வைஃபை குச்சி கிடைக்கும். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் உள்ள மாடல் பேரை மட்டும் நம்பாதீர்கள். அதே பேரில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று உள்ளே இருக்கும் சிப்பையே மாற்றிவிடுகிறார்கள். எந்த சிப் என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

214 திங்கட்கிழமை டெஸ்ட் எழுதினாள். அந்த இன்டர்ன்ஷிப் கிடைக்கலை. ஆப்டிட்யூடில் நேரம் போதலையாம். அம்மாவுக்கு 3,500 ரூபாய் விஷயம் இன்றுவரை தெரியாது. இப்போது அவள் ரூம் கதவில் ஒரு உல்லன் நூலில் பென்டிரைவ் தொங்குகிறது. அதில் முக்கியமான வைஃபை ஃபர்ம்வேர்கள், காலேஜ் சர்ட்டிஃபிகேட், எந்த மாடியிலிருந்து தேட ஆரம்பிக்கணும் என்று அவளே தமிழில் டைப் அடித்த ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், திருப்பி மாட்டிவிட வேண்டும். மெஸ் அக்காவின் கேபிளும் அதே நூலில்தான்.

போன வாரம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஓடி வந்தாள். தினமும் ராத்திரி சரியாக 11 மணிக்கு அவள் லினக்ஸில் வைஃபை கட்டாகிறதாம். டிமெசேஜ் பார்த்தாளாம், பவர் சேவிங் பார்த்தாளாம், ஆர்எஃப்கில்லும் பார்த்தாளாம்.

‘‘11 மணிக்கு வார்டன் மேடம் ரூட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணுவாங்கடி’’ என்றாள் 214. ‘‘அது ஹார்டு பிளாக்!’’